புதைத்த காரும் ஓடும் காரும்

1957 ஜூன் 15ஆம் திகதி, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில், புத்தம்புதிய பிளிமத் பெல்வடியர் கார் ஒன்றைக் கொங்கிரீட் அறைக்குள் இறக்கிப் புதைத்தார்கள். மாநிலம் உருவாகி ஐம்பது ஆண்டு நிறைந்த கொண்டாட்டம் அது. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்துத் தோண்டி எடுப்பதாக ஏற்பாடு. அப்போது பெற்றோல் வழக்கொழிந்து போயிருக்கலாம் என்று பத்துக் கலன் பெற்றோலையும் கூடவே வைத்தார்கள். அணுகுண்டையும் தாங்கும் என்று கட்டிய அறை தண்ணீரைத் தாங்கவில்லை. 2007 ஜூனில் மூடியைத் திறந்தபோது வெளியே வந்தது துருப்பிடித்த கூடு. அந்தக் காரை யாரும் ஓட்டித் தேய்க்கவில்லை. அதில் ஒரு திருகாணியைக்கூட யாரும் மாற்றவில்லை. ஐம்பதுகளின் கார்களில் அதைவிட 'ஒரிஜினல்' ஒன்று இருந்திருக்க முடியாது.

பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்போரிடையே தூய்மைவாதிகள் என்றொரு கூட்டம் உண்டு. தொழிற்சாலையை விட்டு வந்த அன்று கார் எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். எஞ்சினில் பொறித்த எண் பொருந்த வேண்டும். வர்ணம் அந்த ஆண்டின் வர்ண அட்டையில் இருக்க வேண்டும். தொழிற்சாலை போடாத பாகம் ஒன்று கண்ணில் பட்டால் போட்டியில் புள்ளி குறையும், சந்தையில் விலை குறையும். வாங்கிய காரில் கைவைக்க நினைக்கும் இளைஞரிடம் இவர்கள் பேசும் தொனி, கோயில் சிலையில் உளி வைத்தவனிடம் பேசும் தொனி. இவர்கள் காப்பது காரின் மரபை அல்ல, அதன் விலையை மட்டுமே என்பது என் கட்சி.

முதலில், தொழிற்சாலைக்கே இந்தப் பக்தி இருந்ததில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் காலத்தில் ஆண்டுக்கு ஆண்டு முகம் மாறிய கார்கள் இவை. பி-38 போர்விமானத்தின் வாலைப் பார்த்து 1948இல் காடிலாக்கில் சின்னதாக முளைத்த துடுப்பு, 1959இல் வானத்தைக் குத்தும் அளவுக்கு வளர்ந்தது. போன வருடக் காரைப் பார்த்தால் உரிமையாளருக்கே வெட்கம் வர வேண்டும் என்பதுதான் வியாபாரம். 'திட்டமிட்ட காலாவதி' என்ற சொல்லை வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் 1954இல் மேடையேறிப் பெருமையோடு பரப்பினார். தூக்கி எறியவென்றே விற்ற பொருளுக்கு, விற்றவனின் முதல்நாள் உத்தரவை வேதமாக்குவது என்ன நியாயம்?

எறியாமல் வைத்திருந்தவர்கள் யார் என்று பாருங்கள். தென் கலிபோர்னியாவின் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள், பழைய காரை மலிவாக வாங்கிக் கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள், கதவுக் கைப்பிடிகளைக் கழற்றி ஓட்டையை ஈயம் உருக்கி அடைத்தார்கள். 1952இல் பொப் ஹிரொஹாட்டா என்ற ஜப்பானிய வம்சாவளி இளைஞர் தன் 1951 மேர்க்குரியை பாரிஸ் சகோதரர்களின் கராஜில் விட்டார். கூரை தாழ்ந்தது, ஜன்னல் நடுத்தூண் போனது, பக்கவாட்டில் பியூக் காரின் குரோம் பட்டை ஏறியது. அடுத்த ஆண்டு காடிலாக் எஞ்சினும் வந்தது. கலிபோர்னியாவின் ஜப்பானிய வம்சாவளியினரை அரசு முகாம்களில் அடைத்து அப்போது பத்தாண்டுதான் ஆகியிருந்தது. 1959இல் ஒரு பதின்ம வயதுப் பையன் அந்தக் காரை 500 டொலருக்கு வாங்கினான். 2017இல் அது வாஷிங்டன் நகரில் தேசிய வரலாற்று வாகனமாகக் காட்சிக்கு நின்றது. 2022இல் இருபது லட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. வெட்டாத 1951 மேர்க்குரி எதற்கும் இந்த மரியாதை கிடைத்ததாக நான் அறியேன்.

மாற்றியவர்களுக்கு வந்த எதிர்ப்பு புள்ளிக் குறைப்போடு நிற்கவுமில்லை. கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸின் விட்டியர் வீதியில் மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, மெதுவாக ஓட்டிப் போவார்கள். வேகமாகப் போவதே வீரம் என்றிருந்த நாட்டில் அதுவும் ஒரு பதில்தான். சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1958 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ரொன் அகிரே என்ற இளைஞர் கண்ட மறுமொழி, தன் கோர்வெட்டில் ஹைட்ரோலிக் பம்பு பொருத்தியது. நிற்கும்போது தாழும், பொலிஸைக் கண்டால் உயரும். அந்தச் சட்டம் நீங்க 2024 ஜனவரி வரை ஆனது. 'காரைக் கெடுக்கிறான்' என்ற பேச்சு பல நேரம் காரைப் பற்றியது அல்ல, கையின் நிறத்தைப் பற்றியது.

இனி உயிர் விடயம். இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆசனப்பட்டி கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் இணைப்பு. எங்காவது குழாய் கசிந்தால் பிரேக் மொத்தமாகப் போகும். ஸ்டியரிங் தண்டு வளையாத இரும்பு, மோதினால் அது வரும் இடம் ஓட்டுநரின் நெஞ்சு. 2009இல் அமெரிக்கக் காப்புறுதித் துறையின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 1959 பெல் ஏர் ஒன்றையும் 2009 மலிபு ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் ஓட்டுநர் இருக்கைப் பகுதி நசுங்கியது. அதில் பொம்மைக்குப் பதில் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இந்தக் காரை அப்படியே ஓட்டுவது மரபுப் பற்று அல்ல, வீம்பு.

மாற்றுவதற்கு இடம் கொடுத்தே இவை கட்டப்பட்டிருக்கின்றன. உடல் வேறு, சட்டகம் வேறு. போல்டுகளைக் கழற்றினால் உடலைத் தூக்கி வைத்துவிடலாம். 1955இல் செவர்லே கொண்டுவந்த வி-8 எஞ்சினின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. அதனால் எண்பதுகளின் எஞ்சினை ஐம்பதுகளின் காரில் ஏற்றுவது நல்ல மெக்கானிக்குக்குப் பெரிய வேலையில்லை.

ஹவானாவில் இதைத் தத்துவமாகப் பேச யாருக்கும் நேரமில்லை. அமெரிக்கத் தடைக்குப் பிறகு பாகங்கள் வரவில்லை. செவர்லேக்குள் டீசல் எஞ்சினும் சோவியத் கார்களின் பாகங்களும் புகுந்தன, கார்கள் ஓடின. நம்மில் பலருக்கு இது தெரியாத கதையும் அல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் நின்றபோது, யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. அவை ஆங்கிலேயக் கார்கள், ஆனால் அதே தலைமுறை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையோடு புகையாக நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்தக் காரிடம் எண் பொருந்துகிறதா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

தூய்மைவாதம் சுமந்து வரும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது காரை மட்டும் மீட்கவில்லை, மில்க் ஷேக்கும் ஜூக்பொக்ஸுமாக ஒரு பத்தாண்டையே மீட்கப் பார்க்கிறது. அந்தப் பத்தாண்டில் இந்தியா முழுவதற்கும் அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு 100. 1965 சட்டம் வந்துதான் அந்தக் கதவு திறந்தது. 'ஒரிஜினல்' ஐம்பதுகளின் படத்தில் நாம் யாரும் இல்லை. அந்தக் காரை இன்று ஒரு தமிழ்ப் பிள்ளை வாங்கித் தன் விருப்பத்துக்கு வர்ணம் பூசும்போது, படத்தில் இல்லாதவரிடம் வந்து சேர்ந்த காரில் அவர் கை பட்ட அடையாளமும் இருக்கட்டுமே.

எல்லாக் காரையும் வெட்டச் சொல்லவில்லை. அதிகம் ஓடாமல் முழுசாகத் தப்பிய ஒன்றிரண்டை அருங்காட்சியகம் வைத்துக்கொள்ளட்டும். ஒரு காலம் எப்படி உலோகத்தை மடித்தது என்று பார்க்க அவை வேண்டும். பெருந்தொகை கொடுத்து எல்லா வேலையையும் கடையில் செய்வித்து, பிறகு துணியால் மூடிப் பூட்டுபவரும் என் கட்சிக்காரர் அல்ல. அவரும் புதைக்கிறவர்தான், கொங்கிரீட் மட்டும் இல்லை.

ஆகவே, துருவோடு ஒரு பெல் ஏர் உங்கள் கைக்கு வந்தால் தயங்க வேண்டாம். முதலில் இரட்டை இணைப்புப் பிரேக், பிறகு முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பிறகு ஆசனப்பட்டி. அதற்குப் பிறகு வர்ணம், உங்களுக்குப் பிடித்த வர்ணம். கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்து வாங்குபவர் திரும்பப் பூட்டினாலும் பூட்டட்டும், அது அவர் முறை. இடையில் அதை மழையிலும் வெயிலிலும் ஓட்டுங்கள்.