அரிசிக்கு உடன்படிக்கை, ஆளுக்குத் தவணை



விருதுநகர்ச் சந்தை நிலவரத்தை நாளிதழில் வாரந்தோறும் பார்க்கும் வழக்கம் உங்களில் பலருக்கு இருக்கும். உளுந்து விலையைத் தேடும் கண், 'பர்மா' என்ற சொல்லையும் கடந்தே செல்கிறது. அந்நாடு தன் பெயரை மியன்மா என்று மாற்றிக்கொண்டது 1989இல். நம் பலசரக்கு மொத்த வியாபாரிகளோ பழைய பெயரை இன்றுவரை விட்டபாடில்லை. நம் வீட்டு இட்லிக்கு அங்கிருந்து வரும் உளுந்து வேண்டியிருக்கிறது. 2021இல் இந்திய அரசு அந்நாட்டுடன் ஒரு புரிந்துணர்வு செய்துகொண்டு, 2025–26 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வணிகத்தின் வழியே இறக்குமதி செய்ய வழி வகுத்தது.

இவ்வாறு ஒப்பந்தம் எழுதி வாங்கவேண்டிய அந்த நாடு, 1937 மார்ச் 31 வரை நமக்கு அயல்நாடே அன்று. சென்னை மாகாணம் எப்படியோ, அப்படியே பர்மாவும் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கப்பலேறி ரங்கூனில் இறங்கியவரிடம் பாஸ்போர்ட்டும் விசாவும் எவரும் கேட்டதில்லை. மதுரைக்குப் போய்வருவதற்கும் அதற்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடில்லை. எங்கள் மதரஸா மாணவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் நம்ப மறுத்தார்கள். துபாய்க்கு விசா எடுக்கும் பாட்டைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், வேறெப்படி நினைப்பார்கள்?

ஆட்கள் மட்டுமல்லர், சரக்கும் அப்படியே சென்றது. பர்மாவின் அரிசி, மண்ணெண்ணெய், தேக்கு ஆகியவை இங்கு வந்தன. இங்கிருந்து துணியும் சணல் சாக்கும் நிலக்கரியும் அங்கே போயின. இரு கரைகளுக்கும் ஒரே சுங்க எல்லை. ஆகவே இடையில் வரியில்லை. பர்மாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதியை இந்தியாவே வாங்கியது.

சுங்க வரி என்ற ஒன்று ஒரு தொழிலை, ஓர் ஊரை எப்படிப் புரட்டிப்போடும் என்பதைச் சிவகாசிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1922இல் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி உயர்த்தப்பட்டது. அவ்வாண்டில் கல்கத்தா சென்று தொழில் பயின்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுக்கும் பெயர்பெற்ற ஊராயிற்று. இல்லாத வரியைப் புதிதாகப் போட்டால் என்ன நேரும் என்ற கவலை அந்நாளில் கடலின் இருபுறத்து வணிகர்களையும் பற்றியிருந்தது என்றால் அதில் வியப்பில்லை.

பிரிவினைப் பேச்சு சைமன் கமிஷன் நாளிலேயே எழுந்துவிட்டது. 1930இல் வெளிவந்த அதன் அறிக்கை பர்மாவைப் பிரிக்கப் பரிந்துரைத்தது. 1932 நவம்பரில் பர்மாவில் நடந்த தேர்தலில், பிரிவினை வேண்டாம் என்று நின்றவர்களே வென்றார்கள். ஆயினும் 1935ஆம் ஆண்டின் சட்டம் பிரித்தே தீர்த்தது. 1937 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் பர்மா தனி நாடு.

வாசகர்களே, இனிச் சொல்லப்போவதைச் சற்று கவனித்துப் படியுங்கள். அந்தப் பிரிவுக்காக அரசாங்கம் ஆயத்தமாகவே இருந்தது. பொதுக்கடனில் பர்மாவின் பங்கு எவ்வளவு என்பதை அமரி என்பவர் தலைமையில் அமைந்த தீர்ப்பாயம் ஆராய்ந்து, நூற்றுக்கு ஏழரை என்று முடிவு கட்டியது. (இதே அமரி பின்னாளில் இந்தியாவுக்கான மந்திரியாக லண்டனில் அமர்ந்திருந்தபோதுதான் 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் வந்தது.) நாணயத்திற்கும் வழி செய்தார்கள். நம் ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கும் ரூபாய்த் தாள் வெளியிட்டது. முதலில் இந்தியத் தாள்களின் மேலேயே 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று அச்சடித்தார்கள். 1938இல் பர்மாவுக்கென்றே தனித் தாள்கள் வந்தன. வணிகத்திற்கோ ஓர் ஆணை பிறந்தது. குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பழைய நிலையே நீடிக்கும், இடையில் வரி இல்லை என்றது அது. திடீரென்று சுவர் எழுப்பினால் இரு தரப்பு வியாபாரமும் நொடிந்துபோகும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு. அதைக் குறைசொல்வதற்கில்லை.

ஆட்களுக்கு என்ன செய்தார்கள்? அவர்களுக்கும் ஓர் ஆணை. அவர்களுக்கும் அதே மூன்று ஆண்டுத் தவணை. அவ்வளவுதான்.

அந்த ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுகிறீர்கள்? 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து லட்சத்திற்கும் அதிகம். நான்கு லட்சம் பேர் வாழ்ந்த ரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்கர், நெல்வயலில் கூலி வேலை செய்த தமிழர், வட்டித் தொழில் நடத்திய செட்டிநாட்டார், கடை வைத்த நம்மவர் என்று பல திறத்தினர். தமிழ் முஸ்லிம்களை அங்கே சோலியா என்றழைத்தார்கள். அவர்கள் எழுப்பிய சோலியா ஜும்ஆ பள்ளிவாசல் ரங்கூனில் இன்றும் இருக்கிறது. 'சபர்' போன ஆண்மகன் இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை வருவதும், மணியார்டரை எதிர்பார்த்துக் குடும்பம் காத்திருப்பதும் நம் ஊர்களில் வளைகுடாவோடு தொடங்கிய வழக்கங்கள் அல்ல. அங்கேயே பர்மியப் பெண்ணை மணந்து தங்கிவிட்டவர்களும் உண்டு. அவர்தம் பிள்ளைகளுக்கு 'ஜெர்பாதி' என்று தனிப்பெயர். தந்தை இந்தியர், தாய் பர்மியர். கோடு கிழித்தபின் அப்பிள்ளை எந்த நாட்டான்? இக்கேள்விக்கு அந்த ஆணையில் விடையில்லை.

பர்மியர் பக்கத்து நியாயத்தையும் மறைக்கலாகாது. 1930களின் விலைவீழ்ச்சியில் கடனைத் திருப்ப முடியாத உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போயிற்று. நெல் விளையும் முக்கியமான பதின்மூன்று மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938இல் நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. சொந்த மண்ணில் குத்தகைக்காரனாகிப் போனவனின் மனம் என்ன பாடுபடும்! அந்தக் கசப்பைக் கிளறிவிட ஒரு பொறி போதுமானதாயிற்று. 1938 ஜூலையில், மதத்தைத் தாக்கி எழுதப்பட்ட ஒரு நூலைச் சாக்கிட்டு எழுந்த கலவரம், ரங்கூனில் தொடங்கி மாவட்டங்களுக்கும் பரவியது. இருநூறு பேருக்கு மேல் மாண்டனர். கொல்லப்பட்ட இந்தியர்களில் முஸ்லிம்களே மிகுதி. பள்ளிவாசல்கள் பல சேதமாக்கப்பட்டன. வட்டியைத் தொடாத கடைக்காரரும் அந்தக் கோபத்திற்கு இரையானார்.

மூன்று ஆண்டுத் தவணையில் ஓராண்டுக்கு மேல் கழிந்திருந்த நேரம் அது. அப்போதேனும் விழித்துக்கொண்டார்களா? 1939இல் பேக்ஸ்டர் என்ற அதிகாரியை நியமித்துக் குடியேற்றத்தை ஆராயச் சொன்னார்கள். இந்தியத் தொழிலாளர் பர்மியரின் பிழைப்பைப் பறிக்கவில்லை, பர்மியர் உழைப்புக்குத் துணையாகவே நின்றார்கள் என்பது அவர் கண்ட முடிவு. அறிக்கை 1940இல் கிடைத்தது. 1941 ஏப்ரலில் புதிய வர்த்தக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. சரக்குக்குரிய சலுகை வரிகள் அதில் முறையாக வகுக்கப்பட்டன. ஆட்களைப் பற்றிய உடன்படிக்கை அதன்பிறகே, ஜூலையில் வெளியாயிற்று. இந்திய அரசின் சார்பில் கிரிஜா சங்கர் பாஜ்பாயும் பர்மாவின் பிரதமர் ஊ சாவும் பேசி முடித்தது அது. அனுமதிச் சீட்டு, கட்டணம், எத்தனை ஆண்டு தங்கியிருந்தார் என்பதற்கு ஆதாரம் என்று நிபந்தனைகள் அடுக்கடுக்காக இருந்தன. அங்கே வாழ்ந்தவர்களைக் கலந்து பேசாமல் முடித்தார்கள் என்று இந்தியர் கொதித்தெழுந்தனர். காந்தியடிகளும் அதைக் கண்டித்தார்.

இதைப் படிக்கும்போது அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று என் நினைவுக்கு வருகிறது. 2016 ஜூனில் பிரிட்டன் மக்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தார்கள். அதன் அண்டை நாடு அயர்லாந்து. இரு நாடுகளும் 1973 ஜனவரி 1ஆம் நாள் ஒரே நேரத்தில் அந்தச் சந்தையில் சேர்ந்தவை. இடையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தரை எல்லை. பிரிட்டன் ஒப்பந்தமின்றியே வெளியேறிவிட்டால் என்ன செய்வது என்று அயர்லாந்து அரசு 2018 டிசம்பரில் ஒரு திட்டம் வெளியிட்டது. 2019 மார்ச்சில் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. அந்தச் சட்டத்தில் இருப்பவற்றைப் பாருங்கள்: எல்லை தாண்டிச் சிகிச்சை பெறுவோர், ஓய்வூதியம் வாங்கும் முதியோர், படிப்புதவி பெறும் மாணவர், எல்லை கடந்து ஓடும் ரயிலும் பேருந்தும். 2019 மே 8ஆம் நாள், ஒரு நாட்டார் மற்ற நாட்டில் வாழவும் வேலை செய்யவும் உள்ள பழைய உரிமை தொடரும் என்று இரு அரசுகளும் எழுதிக் கையொப்பமிட்டன. சரக்குக்கு எங்கே சோதனை வைப்பது என்ற சச்சரவு அதன்பிறகும் ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2023இல் மற்றோர் ஏற்பாடு செய்யும்வரை இழுத்தது. ஆளின் கணக்கை முதலில் முடித்துக்கொண்டு, சரக்கின் கணக்கைப் பிறகு பேசினார்கள். 1937இல் நம்மை ஆண்ட அதே பிரிட்டன்தான் அங்கும் ஒரு தரப்பு என்பதை நினைக்கையில் பெருமூச்சு வருகிறது. ஆயினும் இரு நாட்டாரும் அங்கே வாக்குரிமை உள்ள குடிமக்கள். ரங்கூன் கூலிக்கு அது ஏது?

1941இன் குடியேற்ற உடன்படிக்கை செயலுக்கு வருமுன் போர் வந்துவிட்டது. டிசம்பர் 23இல் ரங்கூன்மீது முதல் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8இல் ஜப்பானியர் நகரைப் பிடித்தனர். பாடுபட்டு எழுதிய வர்த்தக உடன்படிக்கையின் ஆயுள் ஓராண்டுகூட இல்லை. நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாகத் திரும்பினர். பசியாலும் காலராவாலும் வழியில் மாண்டவர்கள் பல்லாயிரம். ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த பர்மா அரிசியும் நின்றது. மறு ஆண்டு வங்கத்தில் நேர்ந்த பஞ்சத்திற்கு அதுவும் ஒரு காரணம்.

போர் முடிந்தபின் திரும்பிச் சென்றவர்களுக்கும் நிலையான காகிதம் கிடைக்கவில்லை. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாத் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டன. ஏறக்குறைய வெறுங்கையோடு கப்பலேறியவர்கள்தாம் சென்னையில் பர்மா பஜாரையும், நம் ஊர்களில் பர்மா காலனிகளையும், மணிப்பூர் எல்லையில் மோரே என்னும் ஊரில் ஒரு தமிழ்த் தெருவையும் உண்டாக்கினார்கள்.

இன்று நம் வீடுகளின் ரங்கூன் துபாயும் அபுதாபியும்தான். 2022 பிப்ரவரியில் இந்தியா ஐக்கிய அரபு அமீரகத்துடன் பெரிய வர்த்தக உடன்பாடு ஒன்றில் கையொப்பமிட்டது. மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் எந்தப் பொருளுக்கு எத்தனை விழுக்காடு சலுகை என்பதே தலைப்பாக நிற்கும். அதைத் தாண்டிப் படியுங்கள். வேலைக்குப் போயிருக்கும் ஆளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். 'பின்னர் பேசப்படும்' என்றிருந்தால், எப்போது, எந்தக் குழுவில் என்று கேட்டு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள். விலாசத்தை அறியாவிட்டால் உங்கள் ஜமாஅத்தில் கேளுங்கள், தேர்தல் நேரத்தில் அவர் அங்கே வந்து போயிருப்பார்.