கதவடைத்தவர்கள் கணக்குக் கேட்கலாமா?

பூச்சோங்கில் நம்மவர் கூடிய கூட்டமொன்றில் என் முன் ஒரு தாள் நீட்டப்பெற்றது. குடியிலும் போதைப்பொருளிலும் வீழ்ந்த ஆடவரைத் தங்கவைத்துத் திருத்தும் கிறித்தவ இல்லமொன்று எங்கள் வட்டாரத்தில் நடைபெறுகின்றது. அஃது இந்துக்களை மதம் மாற்றுகின்றது. ஆகவே அதனை மூடச் செய்ய வேண்டும் என்பது அத்தாளின் சாரம். "தலைமையாசிரியர் ஐயா, உங்கள் கையொப்பம் முதலில் இருந்தால் மதிப்பாக இருக்கும்," என்றார் பெரியவர் ஒருவர். நான் கையொப்பமிடவில்லை. அன்று எழுந்த சினத்திற்கு அங்கே விடையளிக்க வாய்ப்பில்லாமற் போயிற்று. அவ்விடையே இக்கட்டுரை.

நான் சைவன். நாள்தோறும் நீறணிந்தே பள்ளிக்குச் செல்பவன். சமயம் மாற்றுதலை விரும்புபவனும் அல்லன். ஆயினும், ஒன்றை இடித்துத் தள்ளுமுன் அஃது எதனைத் தாங்கி நிற்கிறது என்று பார்ப்பது அறிவுடைமை.

இத்தகைய இல்லங்களுக்குச் சீடத்துவப் பயிற்சி இல்லங்கள் என்று பெயர். அமெரிக்காவில் சிற்றூர்ப் போதகராக இருந்த டேவிட் வில்கர்சன், 1958இல் நியூயார்க் நகரத் தெருக்களில் அலைந்த இளைஞர் கும்பல்களிடையே தொடங்கிய பணியே 'டீன் சேலஞ்ச்' இயக்கமாக வளர்ந்து பல நாடுகளில் பரவிற்று. 1966இல் ஹாங்காங் சென்ற ஜாக்கி புல்லிஞ்சர் என்னும் ஆங்கிலப் பெண்மணி, கவுலூன் மதிற்சூழ் நகரில் ஹெராயினுக்கு அடிமைப்பட்டோரிடையே பணி செய்தார். முறை எங்கும் ஏறத்தாழ ஒன்றே: ஓராண்டோ அதற்கு மேலோ தங்கல், விடியலில் எழுதல், வழிபாடு, வேதபாடம், தோட்டவேலை, சமையல், துப்புரவு, முன்பு வீழ்ந்து எழுந்த ஒருவரே புதியவனுக்கு அண்ணனாக நின்று வழிநடத்தல். இடையில் ஓடிப்போவோரும் உளர். வெளியேறிய பின் மீண்டும் வீழ்வோரும் உளர். எல்லாரும் திருந்துகின்றனர் என்று நான் கூற வரவில்லை.

ஆனால் ஒருவர் திருந்தியதை நான் கண்ணாரக் கண்டேன். என் மாணவன் ஒருவனின் தந்தை சம்சுவுக்கு அடிமை. பையன் காலையில் வெறும் வயிற்றோடு வருவான். பாட நேரத்தில் மேசைமீது தலை சாய்த்து உறங்குவான். அவன் தாய் உறவினரிடம் சென்றார். "உன் விதி" என்றனர். கோயிலுக்குச் சென்றார், அர்ச்சனைச் சீட்டு கிடைத்தது. சங்கத்திற்குச் சென்றார், கூட்டத்தில் பேசுவதாகச் சொன்னார்கள். இறுதியில், உடன் வேலை செய்த கிறித்தவப் பெண் ஒருத்தியே அம்மனிதரை இல்லமொன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஓராண்டுக்குப் பின் அவர் தேர்ச்சி அறிக்கை வாங்கப் பள்ளிக்கு வந்தார். நடுங்காத கையால் ஒப்பமிட்டார். அவர் கழுத்தில் சிலுவை இருந்தது. மகன் நெற்றியில் திருநீறு இருந்தது. இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினர்.

அச்சிலுவையைக் கண்டு என் மனம் சற்று நொந்தது உண்மையே. ஆயினும் நான் எவரை நொந்துகொள்வது? அவரை ஏற்றுக்கொண்டவர்களையா, அவர் மனைவிக்குக் கதவடைத்தவர்களையா?

குடி நமக்குப் புதிய பகை அன்று. இன்று வீடமைப்புப் பகுதிகள் செறிந்த பூச்சோங் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்த பகுதி. தோட்டங்களில் பாலுக்கு வழியில்லாவிடினும் கள்ளுக்கடைக்கு இடமிருந்தது. அதனை எதிர்த்து நம் தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டு அடக்குமுறையையும் எதிர்கொண்டனர். தோட்டங்கள் போயின, கள்ளுக்கடைகளும் போயின, மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். மலிவு மதுவும் உடன் பெயர்ந்து வந்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் நச்சு மது பல உயிர்களைக் குடித்தது. அரசின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருள் அடிமைகளுக்கென இயற்றப்பெற்றது. மதுவுக்கு அடிமையானவனுக்கென அஃது இயற்றப்பெறவில்லை. அவன் எங்கே போவான்?

நம் மரபில் வழியில்லையா? வள்ளுவர் பொருட்பாலில் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலை கண்டு அணையா அடுப்பை மூட்டினார். அவ்வளவு தூரம் போவானேன்? இதே பூச்சோங் சாலையில், போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லமாயிற்று. அன்னை மங்களம் 2023இல் மறையும்வரை அதற்கே தம் வாழ்வை ஈந்தார். தந்தை இறந்த பிள்ளைக்கு வீடு கட்டத் தெரிந்த சமுதாயம் நாம். உயிரோடிருந்தும் பிள்ளைக்கு இல்லாமற்போன தந்தைக்கு ஒரு திண்ணையேனும் கட்டினோமா? கோபுரத்திற்கு வண்ணம் பூசுகிறோம். தைப்பூசத்தில் பந்தல் போட்டு அன்னமிடுகிறோம். மறுநாள் அப்பந்தலடியில் மயங்கிக் கிடப்பவனைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

"சோற்றைக் காட்டி மதத்தைத் திணிக்கிறார்களே!" என்பர். நம் அரசமைப்பின் 11ஆவது விதி சமய உரிமை தருகின்றது. வளர்ந்த ஆடவன் தெளிந்த மனத்தோடு தேர்ந்துகொள்வானாயின் தடுக்க நாம் யார்? ஆயினும் அவன் தெளிவின்றித் தள்ளாடும் வேளையில் பெறும் சம்மதம் சம்மதமாகாது. இதனை அவ்வில்லத்தார்க்கும் அழுத்தமாகவே சொல்வேன். சேரும்போதே சமயப் பயிற்சி இன்னதென்று ஒளிக்காமல் கூறுங்கள். வெளியேற விரும்புவோனுக்கு வாயிற்கதவு திறந்திருக்கட்டும். மனைவி மக்களைப் பார்க்க விடுங்கள். அவன் பெற்றோரின் தெய்வத்தைப் பழிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவரை நாடுங்கள். நெடுங்காலம் குடித்தவன் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் கண்டு உயிர்போகவும் கூடும். செபம் ஒன்றே போதும் என்று அவனை அறையில் கிடத்துவது கொடுமை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் அருகிலுள்ள அர்ரஹ்மான் பள்ளிவாசலில் 2010இல் தொழுகையோடு மெத்தடோன் மருந்தும் வழங்கத் தொடங்கினர். மருந்தால் இறைநம்பிக்கை குறைந்துவிடவில்லை.

இக்குறைகளைக் கேட்கும் தகுதி நமக்கு எப்போது வரும்? நாமும் ஓர் இல்லம் நடத்தும்போதுதான். பத்துப் படுக்கை, ஒரு மருத்துவர், தேவாரம் பாடத் தெரிந்த ஒருவர், குடியை விட்டு மீண்ட நால்வர் போதும். கோயில் மண்டபங்கள் ஆண்டில் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. நம் வீட்டில் விளக்கேற்றாமல், அடுத்த வீட்டு விளக்கை அணைக்கச் சொல்வது என்ன நீதி?

அப்பெரியவருக்கு மீண்டும் சொல்வேன்: ஐயா, உங்கள் தாளை நான் வெறுக்கவில்லை, அதன் மறுபக்கம் வெறுமையாக இருக்கின்றது. அதிலே, நம் கோயில் மண்டபத்தில் ஓர் இல்லம் தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொண்டுவாருங்கள். அப்போது முதற் கையொப்பம் என்னுடையதாக இருக்கும்.