சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை



விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பக்கம் பஸ்ஸில் போய்வந்தே என் வேலைக்காலம் பெரும்பாலும் கழிந்தது. கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியர். என் மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் இருக்கும். அதிகாரி வந்தால் உட்காருவார். பிள்ளைக்கு டி.சி. கேட்டு வரும் கூலிக்காரத் தகப்பன், செருப்பை வாசலில் விட்டுவிட்டு நின்றபடியே பேசுவார். நான் யாரையும் விரட்டியதில்லை. 'உட்காருங்க' என்று சொன்னதும் இல்லை.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றிப் படித்தபோதுதான் இது உறைத்தது.

1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஆங்கிலிக்கன் போதகருக்கு மகனாகப் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் வேலையை விட்டு, 1909இல் தெலுங்கு நாட்டு டோர்னக்கல்லுக்குப் போனார். முப்பத்தைந்து வயதில் புதுமொழியில் ஊழியம். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே.

இந்த 'முதல்' என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்கு இரண்டு வருடம் முந்தைய சம்பவம். 1910இல் எடின்பரோ மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து பேசினார். உங்கள் தியாகத்தை மறுக்கவில்லை. ஆனால் எங்களோடு சமமாகப் பழகுவதில்லை, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். பலருக்குக் கோபம் வந்தது.

பேராயரின் ஆசனம் இருப்பதால்தான் ஓர் ஆலயம் பேராலயம் ஆகிறது. அந்த ஆசனம் கிடைத்த பிறகும் அவர் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அவருடைய சபை மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். 1939இல் திறந்த டோர்னக்கல் பேராலயத்தையும் கோயில் தூண்களும் மசூதிக் கும்மட்டங்களும் கலந்த நம் நாட்டுப் பாணியில் கட்டினார். மதமாற்றம் பற்றிக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அது தனி விவாதம். ஆனால் உதவி செய்வது வேறு, சமமாக நடத்துவது வேறு என்று அவர் சொன்னது எந்த மதத்தாருக்கும் பொருந்தும். வாத்தியார்களுக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

போன மாதம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய மாணவனின் தகப்பனாரைப் பார்த்தேன். பெஞ்சில் இருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். 'நீங்க உட்காருங்க' என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. நிற்கப் பழக்கியவன் நான்தானே.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்குப் பெற்றோர் யார் வந்தாலும், விஷயம் கேட்பதற்கு முன்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.