தொடாதே என்று சொல்லாதீர்கள்!

"தொடாதே! கரண்ட் இருக்கிறது!" நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் அடிக்கடி கேட்டு வளரும் கட்டளைகளுள் இதுவும் ஒன்று. தம்பி ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு பழைய மின்விசிறியைக் கழற்றினால், "பையனுக்கு மூளை வேலை செய்கிறது" என்று வீடே மகிழ்கிறது. அக்காள் அதே திருப்புளியை எடுத்தால், "உனக்கு எதற்கு இந்த வேலை?" என்று கேட்கிறது. ஆனால் அதே வீட்டில் சலவை இயந்திரத்தில் துணியைப் போடுவதும், தண்ணீர் திறப்பதும், பொத்தானை அழுத்துவதும், பிழிந்ததை எடுத்துக் கொடியில் உலர்த்துவதும் பெரும்பாலும் யார்? அன்னையரும் நாமும் தானே! இயக்குவதற்குப் பெண், பழுது பார்ப்பதற்கு ஆண் என்ற இந்தப் பாகப்பிரிவினையை யார் செய்தது? இது நியாயந்தானா? இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

சலவை இயந்திரம் ஆடம்பரப் பொருள் என்று எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. துவைக்கும் கல்லும், வாளியும், சவுக்காரமும் இருக்க, இயந்திரம் எதற்கு என்று பாட்டிமார் கேட்டனர். சுவீடன் நாட்டு மருத்துவப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ஆம் ஆண்டில் ஆற்றிய உரை ஒன்று அதற்கு நல்ல விடை தருகிறது. தம் வீட்டிற்குச் சலவை இயந்திரம் வந்த பிறகுதான் தம் தாயாருக்குப் படிக்க நேரம் கிடைத்தது என்றும், தம்மை நூலகத்திற்கு அழைத்துச் செல்லவும் முடிந்தது என்றும் அவர் கூறினார். ஆம், அந்த இயந்திரம் துணியை மட்டும் வெளுப்பதில்லை. பெண்ணுக்கு நேரத்தைத் திருப்பித் தருகிறது.

அப்படியானால், அது நின்றுபோகும் நாளில் பறிபோவது எது? அதே நேரம்தான். ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் அழுக்குத் துணி ஒரே வாரத்தில் மலையாகக் குவியும். அம்மா கல்லடியில் குந்துவார். மூத்த மகள் புத்தகத்தை மூடிவிட்டு அலசப் போவாள். மெக்கானிக் "நாளைக்கு வருகிறேன்" என்பார். நாளை மறுநாள் ஆகும். எனவே பழுது பார்க்கும் அறிவு வெறும் பொழுதுபோக்கு அன்று. நம் படிப்பு நேரத்தைக் காக்கும் அறிவு அது.

பழுதைக் கண்டறிவது மாய வித்தையும் அன்று. வள்ளுவர் தம் நூலில் "மருந்து" என்ற அதிகாரத்தில் மருத்துவருக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். நோய் இன்னதென்று தெளிய வேண்டும்; அது எதனால் வந்தது என்று தேட வேண்டும்; தீர்க்கும் வழியை அறிந்து பொருந்தச் செய்ய வேண்டும். இயந்திரத்திற்கும் இதே ஒழுங்குதான். அவசரப்பட்டுத் திருப்புளியை எடுப்பது முதற்படி அன்று. பார்ப்பது, கேட்பது, யோசிப்பது ஆகிய மூன்றுமே முதற்படி.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். மதுரைக்கு மேற்கே, தேனி செல்லும் சாலையில், பாம்பு போல் நீண்டு கிடக்கும் நாகமலையின் அடிவாரத்தில் அமைந்தது நாகமலை புதுக்கோட்டை. பாறைப் பாங்கான நிலம். இத்தகைய நிலத்தில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பலவிடங்களில் கடின நீராக இருக்கும். "உப்புத் தண்ணீர்" என்று நாம் பொதுவாகச் சொல்வது இதைத்தான். கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதில் கரைந்துள்ளன. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம் என்றும், வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. குடத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்புதான் இயந்திரத்தின் உள்ளும் படிகிறது.

இனி நான்கு புகார்களைப் பார்ப்போம்.

முதற் புகார்: "தண்ணீரே ஏறவில்லை." முழுத்தானியங்கி இயந்திரத்தில் நீர்க்குழாய் சேரும் இடத்தில் சிறு சல்லடை ஒன்று உண்டு. மணலும் சுண்ணாம்பும் அதை அடைத்துவிடும். குழாயைக் கழற்றி, சல்லடையை எடுத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும். சல்லடை சுத்தமாக இருந்தும் நீர் மெல்ல வருகிறதா? மாடியைப் பாருங்கள். 1 மீட்டர் உயர நீர், ஒரு சதுர சென்டிமீட்டர் மீது 100 கிராம் எடையளவு அழுத்தம் தரும் என்று இயற்பியலில் கற்கிறோம். பல இயந்திரங்கள் குறைந்தது 3 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தை எதிர்பார்க்கின்றன. தொட்டி தலைக்கு மேலேயே இருக்கும் மாடி வீட்டில் அவ்வுயரம் கிடைப்பதில்லை. அங்கே பழுது இயந்திரத்தில் இல்லை. தொட்டியின் உயரத்தில் இருக்கிறது. இதை அறியாதவர் நல்ல வால்வைக் கழற்றிவிட்டுப் புதிய வால்வு வாங்கி மாட்டுவார். தண்ணீர் மட்டும் பழையபடியே வரும்.

இரண்டாம் புகார்: "தண்ணீர் ஏறுகிறது, ஆனால் நிறைவதே இல்லை." வெளியேற்றும் குழாய் தரையில் தாழக் கிடக்கிறதா என்று பாருங்கள். மேல்நோக்கி நிற்க வேண்டிய அக்குழாய் கீழே விழுந்திருந்தால், ஒரு பக்கம் ஏறும் நீர் மறுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயைத் தூக்கி அதற்குரிய கொக்கியில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. செலவு ஒரு காசும் இல்லை.

மூன்றாம் புகார்: "தண்ணீர் வெளியே போகவில்லை." முன்புறக் கதவுள்ள இயந்திரங்களில் கீழே ஒரு மூலையில் சிறு மூடியும், அதனுள் வடிகட்டியும் உண்டு. அதைத் திறந்தால் நம் குற்றங்களெல்லாம் வெளிப்படும்! சீருடைப் பையில் மறந்த நாணயம், ஊக்கு, கொண்டை ஊசி, பென்சில் துண்டு எல்லாம் அங்கே இருக்கும். திறக்குமுன் ஒரு தட்டும் துணியும் வைத்துக்கொள்ள வேண்டும். தேங்கிய நீர் கொட்டும். வெந்நீரில் துவைத்திருந்தால் அது ஆறும் வரை பொறுக்க வேண்டும்.

நான்காம் புகார்: "சத்தம் வருகிறது, சுற்றவில்லை." இங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இரு தொட்டிகள் கொண்ட இயந்திரத்தில் மோட்டார் ஓடும் ஒலி கேட்டும் அடிச்சக்கரம் அசையாவிட்டால், பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். மோட்டார் ஓடாமல் "உம்" என்று முனகினால், பெரும்பாலும் கெபாசிட்டர் கெட்டிருக்கும். பிழியும் தொட்டி மட்டும் நின்றுவிட்டால், முதலில் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, தொட்டிக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் ஒரு கைக்குட்டை நழுவி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரம் ஆடி நகர்ந்தால், நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா, போர்வை ஒரே பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்று நோக்க வேண்டும்.

படிந்த சுண்ணாம்பைக் கரைக்கக் கடையில் "லெமன் சால்ட்" என்று விற்கும் சிட்ரிக் அமிலம் உதவும். அதை நீரில் கரைத்து, துணியின்றி ஒருமுறை இயந்திரத்தை ஓடவிட்டு, பிறகு நல்ல நீரில் அலசிவிடலாம். ஆனால் அதனுடன் பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சான குளோரின் வாயு கிளம்பும். வேதியியல் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவர்க்கு இது நினைவுக்கு வராது.

"இதெல்லாம் ஆபத்தாயிற்றே!" என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. நம் வீடுகளில் வரும் மின்சாரம் 230 வோல்ட். உயிரைக் குடிக்க அது போதும். ஆகவேதான் எல்லைக் கோடு ஒன்று வேண்டும் என்கிறோம். எதைத் தொட்டாலும் முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும்; சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்கக் கூடாது. சல்லடை, வடிகட்டி, குழாய், கால்கள், மூடி ஆகியவை நம் எல்லைக்குள் அடங்கும். பின்பலகைக்கு அப்பால் உள்ளவை, அதாவது மோட்டார், கெபாசிட்டர், மின்பலகை, எலி கடித்த வயர் ஆகியவை பயிற்சி பெற்றவரின் எல்லை. கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றத்தை வைத்திருக்கக் கூடியது. இயந்திரத்தைத் தொட்டால் "சுருக்" என்கிறதா? உடனே நிறுத்திவிட்டு, எர்த் இணைப்பைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். "தொடாதே" என்ற ஒரு சொல்லால் இத்தனையும் விளங்குமா? எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது, ஏன் என்று கற்பிப்பதே உண்மையான பாதுகாப்பு. அறியாமையை அரணென்று கருதினால், வீட்டில் பெரியவர் இல்லாத நாளில் அந்த அரண் இடிந்துவிடும்.

"மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுப்பதா?" என்றும் சிலர் கேட்கலாம். கெடுக்கமாட்டோம். "மெஷின் ஓடவில்லை" என்று மட்டும் சொல்லத் தெரிந்த வீட்டிற்கு அவர் இருமுறை அலைய வேண்டும். "மோட்டார் ஓடுகிறது, அடிச்சக்கரம் சுற்றவில்லை, பெல்ட்டாக இருக்கலாம்" என்று சொல்லும் வீட்டிற்கு அவர் பெல்ட்டைக் கையோடு கொண்டு வருவார். நேர்மையாளருக்கு அது உதவி. நேர்மையற்றவர் மட்டுமே அறிந்த வாடிக்கையாளருக்கு அஞ்ச வேண்டும்.

வேறொரு கேள்வி இதைவிடக் கடினமானது. "சமையல், பெருக்கல், துவைத்தல் எல்லாம் பெண்ணின் தலையில் இருக்க, பழுது பார்ப்பதையும் அவள் தலையில் கட்டுவதா?" நல்ல கேள்வி. நம் விடை இதுதான்: பாரம் கூட வேண்டாம், மாற்றிக்கொள்வோம். பெண் திருப்புளியைப் பிடிக்கக் கற்கட்டும். ஆண் துணியை அலசக் கற்கட்டும். சகோதரர்களுக்கும் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.

இன்று உலகமே இத்திசையில் திரும்பியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம், 2021 மார்ச் முதல், ஒரு வகைச் சலவை இயந்திரத்தின் கடைசிப் பொறி சந்தைக்கு வந்த பின்னும் 10 ஆண்டுகள் உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டில் 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் நாளில், நுகர்வோர் விவகாரத் துறை "பழுது பார்க்கும் உரிமை" என்ற இணையதளத்தைத் தொடங்கியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சலவை இயந்திரமும் அடங்கும். ஐம்பது ரூபாய்ப் பொருளுக்காக முழு இயந்திரத்தையும் காயலான் கடைக்குத் தள்ளுவது பணத்திற்கும் கேடு, பூமிக்கும் கேடு.

நம் தமிழகத்தில் பிறந்த எண்ணம் ஒன்றும் இங்கே நினைக்கத் தக்கது. நவ் சாஹ்னி என்னும் பிரித்தானியப் பொறியாளர் புதுச்சேரியை அடுத்த குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்தபோது, அண்டை வீட்டுப் பெண் கையால் துவைத்துப் படும் பாட்டைக் கண்டார். 2018-இல் அவர் ஓர் அமைப்பைத் தொடங்கி, மின்சாரமின்றிக் கையால் சுழற்றும் சலவை இயந்திரத்தை உருவாக்கினார். அதற்கு அந்தப் பெண்ணின் பெயரையே சூட்டினார். அகதி முகாம்களுக்கும் அது சென்றது. ஒரு பெண்ணின் கைவலியைக் கண்டு பிறந்த இயந்திரம் அது. அடுத்ததை ஒரு பெண்ணே வரையக் கூடாதா? தமிழ்நாட்டில் பெண்களுக்கென்றே அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. எலக்ட்ரீஷியன் பயிற்சி இரண்டே ஆண்டுகள். அதைக் கற்ற பெண்ணுக்கு வீட்டுக் கதவுகள் தயக்கமின்றித் திறக்கும். வீட்டில் தனித்திருக்கும் மகளிர் அவளையே விரும்பி அழைப்பர்.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். பெற்றோரே, பழுதான இயந்திரத்தை விற்குமுன் பள்ளிக்குத் தாருங்கள். மின்னிணைப்பு இல்லாமல் அதைக் கழற்றிப் பார்க்கும் வாய்ப்பை அறிவியல் கூடத்தில் எங்களுக்கு அளியுங்கள். அருட்சகோதரியரே, ஆசிரியப் பெருமக்களே, தையல் வகுப்பைப் போல் மாதம் ஒரு பாடவேளையைப் பழுதறியும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். தோழியரே, வீட்டு இயந்திரத்துடன் வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். அதன் கடைசிப் பக்கத்தில் என்றைக்கு என்ன பழுது, என்ன செய்தோம், என்ன செலவு என்று எழுதி வையுங்கள். சல்லடையை மாதம் ஒருமுறை கழுவுங்கள். பையைத் துழாவிவிட்டுத் துணியைப் போடுங்கள்.

"தொடாதே" என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நம்மோடு முடியட்டும். நம் தங்கையருக்கு நாம் சொல்ல வேண்டியது வேறு: "பிளக்கைப் பிடுங்கு, பிறகு பார்."