8இலிருந்து 18க்கு

2023 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று உரிய அளவு பேசப்படவில்லை என்பது எங்கள் ஆதங்கம். பொருளாதாரச் சரிவுக்கு கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்ட உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்றது அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பு. அதற்கு அவர்கள் செலுத்த வேண்டியிருந்தது, மனுதாரர்களின் வழக்குச் செலவு 1,50,000 ரூபாய்.

கொரோனாதான் காரணம் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. ஈஸ்டர் குண்டுவெடிப்பும் கொரோனாவும் சுற்றுலாவை முடக்கியது மெய். ஆனால் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 சதவீதமானது 2019 டிசம்பரில், கொரோனா நாட்டுக்குள் வருமுன்னர். ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபாய் வியாபாரம் செய்தால் கட்டவேண்டியிருந்த வரியை, 300 மில்லியன் வரை கட்டத் தேவையில்லை என்றாக்கினார்கள். கஜானா வற்றியது. கடன் தரமதிப்பீடு சரிய, வெளிச்சந்தையில் கடன் வாங்கும் கதவும் மூடிக்கொண்டது. 2020 ஒக்டோபரில் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் அதிகாரமனைத்தையும் ஜனாதிபதி ஒருவர் கையில் குவித்தது. 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஆள் அந்த அறையில் இல்லாமற்போன பிறகுதான், 2021இல் இரசாயனப் பசளைக்கு ஒரேயடியாகத் தடை வந்தது. தடையை விலக்கியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது.

தவறான முடிவுகளைவிட, தவறென்று தெரிந்த பின்னும் காத்திருந்த மாதங்களே எங்களை உறுத்துகின்றன. 2022 ஜனவரியில், எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நிற்க, கையிலிருந்த டொலரில் 500 மில்லியனை எடுத்துப் பிணைமுறிக் கடனைக் கட்டினார்கள். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 12இல், கடன் கட்ட வழியில்லை என்று அவர்களே அறிவித்தார்கள். இடையில் மேல்மாகாணப் பாடசாலைகளில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. அந்த ஆண்டு பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது.

போர்க்காலத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வடக்குக்கு வரிசை புதிதல்ல. இங்கே பெரும்பான்மையோர் கோட்டாபயவுக்கு வாக்களிக்கவும் இல்லை. எரிவாயுச் சிலிண்டருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மார்ச் மாதமே மன்னாரிலிருந்து சிலர் குழந்தைகளோடு படகேறி இராமேஸ்வரக் கரையில் இறங்கினார்கள்.

பெறுமதி சேர் வரி 8இலிருந்து 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் அதற்குள் வந்தது. குறைப்பால் இலாபமடைந்தவர்கள் பெரும் வியாபாரிகள். 18ஐக் கட்டுவது கூலிக்காரரும்தான்.

ஒத்திவைத்த வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்தும் பாரம் 2028இல் முழுமையாகத் தொடங்குகிறது. ஜனாதிபதித் தேர்தல் அதற்கு மறு ஆண்டு. 2019 தேர்தலில் கைதட்டல் வாங்கிய அதே வரிக்குறைப்பு வாக்குறுதி, அப்போதும் ஏதோவொரு மேடையில் ஏறத்தான் போகிறது.