வீடே பள்ளிக்கூடமா? யாருடைய வீடு?



"வீட்டுக்கல்வி" என்றொரு பேச்சு இப்போது பட்டணங்களிலே பலமாக அடிபடுகிறது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவதில்லை. தாயும் தகப்பனும் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பதினான்கு வயது ஆனதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வைக்கிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வசதி படைத்த சில குடும்பங்கள் இப்படிச் செய்து வருகின்றன.

அவர்கள் பாடு அவர்களோடு என்று விட்டுவிடலாம். ஆனால் இந்தப் பேச்சு காஞ்சிபுரம்-உத்திரமேரூர் சாலையிலுள்ள திருப்புலிவனம் வரை வந்து சேர்ந்துவிட்டது. "பணக்காரன் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமலே படிக்கலாமாம். என் பிள்ளையை நிறுத்தினால் மட்டும் என்ன குற்றம்? என்னோடு வேலைக்கு வந்தாலும் நாலு விஷயம் கற்றுக்கொள்வான்தானே?" என்று விவசாயக் கூலித் தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் சொல்லும் காரணங்கள்

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். பள்ளியிலே அடிக்கிறார்கள், ஏசுகிறார்கள் என்கிறார்கள். குருட்டு மனப்பாடம்தான் படிப்பா என்கிறார்கள். தனியார் பள்ளி முதலாளி கட்டணக் கொள்ளை அடிக்கிறான் என்கிறார்கள். இவற்றில் எதையும் நாம் பொய் என்று சொல்லமாட்டோம்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர்கள் அதிகம் சொல்வதில்லை, நாம் சொல்லவேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் வீடு தேடிப்போய் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூடப் படித்த மாணவர்கள்! இதைக் கேட்ட எந்த ஒடுக்கப்பட்ட தாய்க்குத்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மனம் வரும்? அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

கடுமையான ஊனமுள்ள குழந்தைகளின் நிலைமை வேறு. அவர்கள் விரும்பினால் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் திருத்தம் வந்தது. அது சரியான திருத்தம். அதை நாம் எதிர்க்கவில்லை.

ஆக, நோய் உண்மையானது. ஆனால் இவர்கள் கொடுக்கும் மருந்து யாருக்கு மருந்து, யாருக்கு விஷம்? அதுதான் கேள்வி.

அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

வீட்டுக்கல்விக்காரர்கள் உடனே ரவீந்திரநாத் தாகூரைக் காட்டுவார்கள். அவர் பள்ளிக்கூடத்தை வெறுத்தார், வீட்டிலே படித்தார், உலக மகாகவி ஆனார் என்பார்கள். உண்மைதான். ஆனால் எந்த வீடு அது? கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகை! ஜமீன்தார் குடும்பம்! மல்யுத்தத்துக்கு ஒரு ஆள், சங்கீதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர் என்று வாத்தியார்கள் வந்து போன வீடு. விளக்கெரிக்கும் எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்காத வீடு.

அமெரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே ஆமிஷ் என்ற மதப்பிரிவினர் எட்டாம் வகுப்போடு பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. அந்தப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்த இடம் பெரும்பாலும் அவர்கள் சமூகத்தின் சொந்தப் பண்ணை. நம் பிள்ளை பள்ளியை விட்டால் போய்ச்சேரும் இடம் எது? பிறத்தியார் வயல், செங்கல் சூளை, கல்குவாரி!

நம் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்குத் தத்துவம் பேச வேண்டியதில்லை. பரீட்சையே நடந்து முடிந்திருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடமாக இருந்தது! யார் படித்தார்கள்? தனி அறையும், கைபேசியும், படித்த தாய் தகப்பனும் இருந்த வீட்டில் படித்தார்கள். ஓர் அறைக் குடிசையில், வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விட்டால், பிள்ளை எதைப் பார்த்துப் படிக்கும்? அந்த நாட்களில் எத்தனை சிறுவர்கள் கூலிக்குப் போனார்கள், எத்தனை சிறுமிகளுக்கு அவசரக் கல்யாணம் நடந்தது என்பதை ஊரிலுள்ள நீங்களே அறிவீர்கள். விட்டுப்போன பாடத்தை மீட்பதற்காகச் சர்க்கார் 2021 அக்டோபரில் "இல்லம் தேடிக் கல்வி" என்று தொண்டர்களைத் தெருத்தெருவாக அனுப்ப நேர்ந்தது. ஏழையின் வீடு பள்ளிக்கூடமாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

பழைய சரக்கு, புதிய சீட்டு

"என்னோடு வேலைக்கு வந்தாலும் நாலு விஷயம் கற்றுக்கொள்வான்" என்ற பேச்சு தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1953-ல் அன்றைய சென்னை மாகாண முதலமைச்சர் ராஜகோபாலாச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம்தான் படிப்பு. ஒரு கூட்டம் காலையில், இன்னொரு கூட்டம் மதியத்தில். மீதி நேரத்தில் பிள்ளை வீட்டிலிருந்து தகப்பனுடைய தொழிலைக் கற்கவேண்டும். கூடுதல் செலவில்லாமல் கூடுதல் பிள்ளைகளுக்குப் படிப்பு என்று கணக்குக் காட்டினார்கள். பட்டணத்துப் பள்ளிகளுக்கு இந்தத் திட்டம் இல்லை! வக்கீல் பிள்ளை முழு நாளும் படிப்பான். உழவன் பிள்ளைக்கும் வண்ணான் பிள்ளைக்கும் அரை நாள் படிப்பு போதும்!

இது சாதித் திட்டம் அல்ல என்று ஆச்சாரியார் மறுத்தார். மறுத்து என்ன பயன்? தகப்பன் தொழில் எதுவென்று நம் நாட்டில் தீர்மானித்தது சாதியல்லாமல் வேறு எது? ஜனங்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள்: குலக்கல்வித் திட்டம்! பெரியாரின் திராவிடர் கழகம் எதிர்த்தது, தி.மு.க. எதிர்த்தது, கம்யூனிஸ்டுகள் எதிர்த்தார்கள். காங்கிரசுக்குள்ளேயே கலகம் மூண்டது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு விடும்படி சட்டசபை தீர்மானித்தது. நியமிக்கப்பட்ட பருலேகர் குழு திட்டத்துக்கு நற்சாட்சி கொடுத்தது! ஆனாலும் ஜனங்களின் எதிர்ப்பு அடங்கவில்லை. 1954 ஏப்ரலில் ஆச்சாரியார் பதவியை விட்டு இறங்கினார். காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே திட்டம் குப்பைக்குப் போயிற்று.

காந்தியடிகளும் 1937-ல் தொழிலோடு கூடிய ஆதாரக் கல்வியைச் சொன்னாரே என்று சிலர் கேட்பார்கள். அங்கே தொழிலைக் கற்றுக்கொடுப்பது பள்ளிக்கூடம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து நூற்கவேண்டும். தகப்பன் செய்வதையே மகன் செய்யவேண்டும் என்பது அதில் இல்லை. இரண்டையும் ஒன்றாக்குவது மோசடி!

தறியடியில் நடந்த "வீட்டுக்கல்வி"

தொலைவில் போக வேண்டாம். நமது காஞ்சிபுரத்தையே பாருங்கள். கோர்வைப் பட்டுச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒருபக்கக் கரைக்குத் தனியாக நாடா வீசத் தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். வயது வந்த ஆளுக்குக் கூலி கொடுக்க யாருக்கு மனம் வரும்? சிறுவனை உட்கார வைத்தார்கள். சொந்தப் பிள்ளை போதாதபோது, முன்பணம் கொடுத்து அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பிடித்தார்கள். கடன் தீரும்வரை பிள்ளை தறியை விட்டு எழ முடியாது. இந்தக் கொத்தடிமைத்தனத்தை 2003-ல் ஒரு சர்வதேச மனித உரிமை அமைப்பு விசாரித்து உலகறிய அறிக்கை வெளியிட்டது.

அந்தப் பிள்ளைகளும் "தொழில் கற்றுக்கொள்கிறார்கள்" என்றுதான் அன்று சொன்னார்கள். அவர்கள் கற்றது என்ன? முதுகு வளைவதையும் கண் மங்குவதையும்தான் கற்றார்கள். பட்டின் லாபம் யார் பெட்டியில் விழுகிறது என்ற கணக்கை எந்தத் தறியும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளிமணிதான் பாதுகாப்பு

இங்கேதான் கேள்வியின் மையம் இருக்கிறது. 2016-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பதினான்கு வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்று ஒரு கையால் கொடுத்தார்கள். "பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலில் உதவலாம்" என்று மறு கையால் பிடுங்கிக்கொண்டார்கள். அபாயமானவை என்று பட்டியலிட்ட தொழில்கள் மட்டும் விலக்கு. குடும்பம் என்றால் தாய் தகப்பன் மட்டுமல்ல. பெரியப்பா சித்தப்பா, அத்தை, மாமா எல்லோரும் அதில் அடக்கம்.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சியிருக்கும் காவல் எது? "பள்ளி நேரம்" என்ற இரண்டே சொற்கள்! காலையில் மணி அடித்து மாலையில் மணி அடிக்கும் வரை அந்தப் பிள்ளையின் உழைப்பின்மீது எவனுக்கும் உரிமை இல்லை. பள்ளியே வேண்டாம், வீட்டிலேயே படிக்கிறான் என்றால் பள்ளி நேரம் எது? வேலை நேரம் எது? சூளையிலே நிற்கும் பிள்ளையைப் பார்த்து அதிகாரி கேட்டால் "வீட்டுக்கல்வி, ஐயா" என்று முதலாளி சொல்லுவான். வசதியுள்ளவனுக்கு அது சுதந்திரம். நம் பிள்ளைக்கு அது திறந்துவிட்ட கொட்டடி!

பள்ளி பாடம் மட்டும் கொடுக்கவில்லை. 1956-ல் காமராஜர் ஆட்சியில் விரிந்த மதிய உணவு, 1982-ல் சத்துணவாயிற்று. 2022 முதல் காலைச் சாப்பாடும் வந்திருக்கிறது. கூலி கிடைக்காத நாளிலும் பிள்ளைக்கு ஒரு பிடி சோறு நிச்சயம். பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தச் சோறு வீடு தேடி வராது.

கால் வேலிக்காரனின் படிப்பு

திருப்புலிவனத்துக்கு அடுத்த உத்திரமேரூரின் புகழ் டில்லி வரை எட்டியிருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலை மூலம் சபை தேர்ந்தெடுக்கும் முறையைக் கல்லில் வெட்டிவைத்த ஊர். பெருமைதான். ஆனால் குடத்திலே யார் பெயர் விழலாம்? வரி செலுத்தும் நிலம் கால் வேலி வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வேதமும் பாஷ்யமும் நன்றாகக் கற்றவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகை! அந்தக் கால் வேலியை உழுதவனுக்கு ஏது சலுகை? அவனுக்கு வேதம் சொல்லிக்கொடுக்க எந்த வீடும் இல்லை; ஆகவே அவன் பெயருக்குக் குடத்தில் ஓலையும் இல்லை.

படிப்பு வீட்டுக்குள் பூட்டியிருந்த காலத்தில் சாவி நிலமுள்ளவன் மடியில் இருந்தது. தெருவிலே எல்லோருக்கும் பொதுவாக ஒரு பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் அந்தப் பூட்டு உடைந்தது. அதுவும் இலேசில் வரவில்லை. பத்து வருஷத்துக்குள் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 1950-ல் அரசியல் சட்டம் சொன்னது. கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்ததோ 2010 ஏப்ரல் 1-ல்! பத்து வருஷ வாக்குறுதிக்கு அறுபது வருஷம் காத்திருந்தவர்கள், கிடைத்ததைக் கைநழுவ விடலாமா?

என்ன செய்யவேண்டும்?

பள்ளியிலே குறை இருக்கிறதா? இருக்கிறது. பள்ளியை விட்டு ஓடினால் குறை தீராது. கூரை ஒழுகினால் கூரையை வேய்கிறோமே தவிர, வீட்டைப் பண்ணையாருக்கு எழுதிக்கொடுப்பதில்லை.

சட்டம் நம் கையில் சில ஆயுதங்களைக் கொடுத்திருக்கிறது. அடிப்பதும் மனம் நோக ஏசுவதும் கல்வி உரிமைச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. ஆரம்பப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள் இருக்கவேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் உட்கார்ந்திருப்பது யார்? கூலிக்காரத் தாய்மார்களா, ஊர்ப் பெரியதனக்காரர்களின் ஆட்களா? போய்ப் பாருங்கள்! நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை எடு, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்று அது சொன்னது. அந்தச் சிபாரிசுகள் நம் ஊர்ப் பள்ளியில் அமலாகிறதா என்று கேட்பது நம் வேலை.

சங்கக் கூட்டத்தில் கூலியைப் பற்றிப் பேசுகிறோம். அதே கூட்டத்தில் பள்ளியையும் பேசுவோம். ஆசிரியர் இல்லையா, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லையா, தீண்டாமை தலைகாட்டுகிறதா? மனு எழுதுவோம். மனுவுக்குப் பதில் இல்லாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் வாசலில் திரளுவோம்!

வேலைக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்ட தோழருக்கு நம் பதில் இதுதான்: உங்கள் தொழில் கேவலம் என்பதால் அல்ல, அதன் பலனை வேறொருவன் தின்கிறான் என்பதால்தான் பிள்ளை படிக்கவேண்டும். அதைத் தட்டிக்கேட்கும் கணக்கும் எழுத்தும் அவன் கைக்கு வரவேண்டும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவோம்! பள்ளியை நம்முடையதாக்குவோம்!