நீல மாத்திரையும் பொற்பதக்கமும்

'ஊக்க மருந்து' என்று எழுதிப் பழகிவிட்டோம். யார் வைத்த பெயரோ! நோயில்லாத உடலுக்குள் திணிக்கப்படுவது மருந்தாகுமா? சொந்த முயற்சியில் பிறக்காதது ஊக்கமாகுமா? பெயரிலேயே பொய் இருப்பதால்தானோ என்னவோ, பிடிபட்ட இளைஞனைத் தூற்றிவிட்டு, அதை அவன் கையில் கொடுத்த பெரியவர்களை மறந்துவிடுகிறோம்.

அன்றைய கிழக்கு ஜெர்மனியை எண்ணிப் பாருங்கள். வீரர்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பதை அந்நாடு 1974-இல் இரகசிய அரசுத் திட்டமாகவே வகுத்தது. 'ஓரல் டூரினாபோல்' என்னும் நீல மாத்திரை, பருவ வயதுச் சிறுமியருக்கும் வைட்டமின் என்று சொல்லித் தரப்பட்டது. 1976 மொன்றியால் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 13 நீச்சல் போட்டிகளில் 11 தங்கம் அவர்களுக்கே. குரல் ஏன் இப்படித் தடித்திருக்கிறது என்று கேட்டவர்களுக்கு, அவர்கள் நீந்தத்தான் வந்தார்கள், பாட வரவில்லை என்று பயிற்சியாளர் ஒருவர் பதில் சொன்னதாக இன்றும் கூறுவர். உலகம் சிரித்துவிட்டுப் போய்விட்டது.

ஆண்மைச் சுரப்பை ஒத்த செயற்கைப் பொருள் இது. வெளியிலிருந்து அது பெருகும்போது உடல் தன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. வளரும் பிள்ளைக்கு எலும்பின் வளர்நுனிகள் காலத்துக்கு முன்பே மூடி, உயரம் நின்றுவிடக்கூடும். ஈரலும் இதயமும் பழுதுபடும். சினம் மூளும், நிறுத்தியபின் மனச்சோர்வு கவ்வும். கண்ணாடி காட்டுவதோ பருத்த புயத்தை மட்டுமே.

ஹைடி கிரீகருக்கு அந்த மாத்திரை தரப்பட்டபோது வயது 16. 1986-இல் ஸ்டட்கார்ட்டில் குண்டு எறிதலில் ஐரோப்பிய வெற்றி பெற்றார். 1997-இல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆந்திரெயாஸ் என்னும் ஆணாக வாழத் தொடங்கினார். தாம் யாராக வாழ்வது என்பதைத் தாமே முடிவுசெய்ய விடவில்லை என்பதே அவருடைய குற்றச்சாட்டு. 2000-இல் பெர்லின் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்த மான்ஃப்ரெட் ஏவால்டுக்கு 22 மாதம், மருத்துவர் ஹோப்னருக்கு 18 மாதம் சிறை. இரண்டு தண்டனைகளும் நிறுத்திவைக்கப்பட்டன!

கடவுளை மறுத்த அரசின் பாவம் அது என்று நம்மில் சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். அப்படியானால் 1988-இல் சோல் நகரில் தங்கத்தை இழந்த பென் ஜான்சன் எந்நாட்டவர்? கனடா நாட்டவர். அவருடைய பயிற்சியாளரும் மருத்துவரும் அறிந்தே செய்தார்கள் என்பது 1989-இல் அந்நாட்டு அரசின் விசாரணையிலேயே வெளிவந்தது.

நம் வீடுகளுக்கு வருவோம். உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்று மறைக்கல்வியில் கற்பிக்கிறோம். கற்பையும் மதுவையும் பற்றிப் பேசும்போது மட்டும் அது நினைவுக்கு வருகிறது. மூன்றே மாதத்தில் மகன் மல்லனைப்போல் வீங்கி வந்தால், புகைப்படம் எடுத்து உறவினருக்குக் காட்டி மகிழ்கிறோம். என்ன உட்கொள்கிறாய், ஊசி போட்டது யார் என்று கேட்ட தந்தையர் நம் பங்கில் எத்தனை பேர்?

கிரீகர் தம் பொற்பதக்கத்தை வீட்டுப் பேழையில் வைத்துக்கொள்ளவில்லை. இந்த நஞ்சை எதிர்த்துப் போராடுவோர்க்கு ஹைடி கிரீகர் பெயரால் வழங்கப்படும் விருதில் ஒரு பகுதியாக அதைக் கொடுத்துவிட்டார்.